கேட்டுக்கு எதிரே நின்ற கங்கம்மா

கங்கம்மாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். நடந்ததை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள், அவளுக்கு எழுதப் படிக்க வராது. இன்னொருத்தி நான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் குழந்தைகளின் பள்ளிக்கூடம் மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறது. மூன்றேகாலுக்கு மணி அடிக்கும், நாங்கள் மூன்று மணிக்கே ஆஜராகிவிடுவோம். நாங்கள் என்றால், இரண்டாம் வகுப்பு அனுப்பிரியாவின் அம்மாவான நான், என் சிநேகிதி தேவதர்ஷினி, இன்னும் நாலைந்து அம்மாக்கள். ஸ்கூட்டிகளை மர நிழலில் நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களைப் பார்ப்போம். எந்த அப்பா அரை டிராயரோடு வருகிறார், எந்த அம்மா தலை சீவாமல் வருகிறாள், யார் பிள்ளையை நடுத்தெருவில் வைத்து அறைகிறாள் என்று எல்லாம் எங்கள் பார்வைக்குத் தப்பாது. ஆளாளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தோம். லுங்கி மாமா, ஹாரன் டாடி, ஃபோன் ஆன்ட்டி. கங்கம்மாவுக்கு வெறும் 'நைட்டி'. அக்கா, ஆன்ட்டி என்று எதையும் பின்னால் சேர்க்க எங்களுக்கு மனசு வரவில்லை.

அவள் அப்படித்தான் வருவாள். ஆரஞ்சுப் பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, முன்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருக்கும். கிட்டே வந்தால் புளித்த வாடை அடிக்கும். வந்ததும் எல்லோரையும் இடித்துக்கொண்டு கேட்டுக்கு முன்னால் போய் நிற்பாள். அவள் மகள் ரேஷ்மா வகுப்பிலேயே சின்ன உருவம், கூட்டத்தில் நசுங்கிவிடும். என் அனுவும் ரேஷ்மாவும் ஒரே பெஞ்ச். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நைட்டிக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். கங்கம்மாவும் அவள் புருஷன் கதிரேசனும் முன்னே முடிச்சூரில் குடியிருந்தவர்கள். 2015 வெள்ளத்தில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாண போட்டோ வரைக்கும் போய்விட்டது. இந்தப் பக்கம் வந்து ஒற்றை அறை பிடித்தார்கள். கதிரேசன் வண்டலூரில் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனான். இவள் இட்லி மாவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மாசமே ஓடுகிற கிரைண்டரில் சேலை முந்தானை மாட்டி, கழுத்து வரை இழுத்துவிட்டது. முதலாளி ஓடிவந்து சுவிட்சை அணைத்ததால் பிழைத்தாள். அன்றையிலிருந்து வேலைக்கு நைட்டிதான். மூன்று மணி வரை மாவு ஆட்டி, பாக்கெட் கட்டி, கையைக் கழுவிவிட்டு அப்படியே ஓடிவருவாள். இரண்டு வருஷமாக என் வீட்டு இட்லி அவள் ஆட்டிய மாவில்தான் வெந்தது.

இதெல்லாம் தெரியாமல், போன ஆகஸ்டில் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் நான்தான் ஆரம்பித்தேன். குழந்தைகள் படிக்கிற இடத்துக்கு நைட்டியோடு வருவது முறையா, வருகிற விருந்தினர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீளமாக எழுதினேன். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நாலாம் நாள் சர்க்குலர் வந்தது. நைட்டி, லுங்கி, அரை டிராயர் அணிந்தவர்களுக்கு கேட் அருகே அனுமதியில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

வாட்ச்மேன் தனசிங் அதை அவளிடம் சொன்னபோது நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யம்மா, நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கோ. எனக்கு மேல இருந்து உத்தரவு."

"கடைலேர்ந்து நேரா வரேண்ணா. வூட்டுக்குப் போயி மாத்திகினு வர டைம் இல்ல."

"அதை ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் போனைப் பார்த்தோம். அவள் ரோட்டைத் தாண்டிப் போய் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றாள். அன்றையிலிருந்து அதுதான் அவள் இடம்.

அக்டோபரில் அவர் வந்தார். அப்போதெல்லாம் 'அவர்'தான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையை டக்-இன் பண்ணி, பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் நீல நாடாவில் ஆபீஸ் டேக். எங்களைக் கடக்கும்போது "எக்ஸ்கியூஸ் மீ மேடம்" என்பார். "இந்த கேட்லயே உருப்படியா டிரெஸ் பண்ற ஒரே அப்பா" என்றாள் தேவதர்ஷினி. அவர் பிள்ளை நாலாம் வகுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அவரைக் கேட்கவில்லை.

குழந்தையை அழைத்துப்போக மஞ்சள் நிறத்தில் பிக்கப் கார்டு உண்டு, போட்டோ ஒட்டியது. கேட்டில் காட்டினால்தான் விட வேண்டும் என்பது விதி. தனசிங் அதை கசங்கிய சட்டைக்காரர்களிடம் கேட்பார். கங்கம்மாவிடம், ரோட்டைத் தாண்டிப்போய் தினமும் கேட்பார். எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடமும் கேட்கவில்லை.

அவர் அதிகம் பேச மாட்டார். பேச வைப்பார். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் ஜெயகிருஷ்ணன் சொல்வார், அது நிஜம். பத்தே நாளில் அவருக்கு எங்கள் அப்பார்ட்மென்ட் பெயர் தெரியும், ஜெயகிருஷ்ணன் ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போயிருப்பது தெரியும், எனக்கு மூன்று மணிக்கு மீட்டிங் இழுத்துவிடும் நாட்கள் தெரியும், அனுவுக்குப் பிடித்த ஐஸ்கிரீம் தெரியும். எல்லாம் நானே சொன்னது. நான் பேசும்போது அனு என் கையைப் பிடித்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்ப்பாள். அவர் குனிந்து சிரிப்பார்.

ஒருநாள் நான் ஸ்கூட்டியைத் திருப்பும்போது கங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மேடம், ஒரு நிமிசம். அந்த டேக்கு போட்ட சாரு யாரு?"

"ஏன்?"

"டெய்லி வராரு, நிக்கிறாரு. எந்தப் புள்ளையும் இட்டுகினு போறதில்ல. கூட்டம் கலைஞ்சதும் தனியா நடந்து போறாரு. பத்து நாளா பாத்துகினு கீறேன்."

கேட் பக்கம் நிற்கிறவர்களுக்கு அவரவர் பிள்ளை வந்ததும் கிளம்புகிற அவசரம். கடைசிவரை தெருவைப் பார்க்க முடிந்தவள், நாங்கள் தள்ளி நிறுத்தி வைத்தவள்தான். இது இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். அவர் ஒய்ஃப் கூட்டிட்டுப் போவாங்க. டீசன்ட்டான ஆளைப் போய் இப்படிப் பேசலாமா? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"எனக்கு இன்னாமோ மனசுக்கு ஒப்பல மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

அடுத்த நாள் நான் செய்த காரியத்தை எழுத கை கூசுகிறது. அவர் வந்ததும் அதை ஒரு ஜோக்காக அவரிடமே சொன்னேன். "அதோ நிக்குதே நைட்டி, அது உங்களைச் சந்தேகப்படுது" என்றேன். அவர் சிரித்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பி கங்கம்மாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாவம், விடுங்க மேடம். ரேஷ்மாவோட அம்மாதானே?" என்றார்.

ரேஷ்மா என்ற பெயரை நான் சொல்லவே இல்லை. அது எப்படித் தெரியும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவும் இல்லை. தேவதர்ஷினி வேறு ஏதோ கேட்டாள், பேச்சு மாறிவிட்டது.

அதற்கப்புறம் அவர் மூன்று நாள் வரவில்லை. கங்கம்மா மட்டும் தினமும் தெருவின் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. தெருவில் தண்ணீர் ஏறுவதால் அரை மணி முன்னதாகவே பள்ளியை விடுகிறார்கள் என்று குரூப்பில் செய்தி வந்திருக்கிறது. நான் வீட்டில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன், போன் சைலன்ட்டில் கிடந்தது. பார்த்தபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. மெயின் ரோட்டில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று, வண்டிகள் நகரவில்லை. ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து தேவதர்ஷினிக்கு நாலு முறை போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

கேட்டில் நடந்ததை அப்புறம்தான் எல்லோரும் சொன்னார்கள். அவர் குடையோடு வந்திருக்கிறார். "விஷ்ணுப்ரியா மேடம் இன்னும் வரலையா?" என்று என் பெயரைச் சொல்லி தேவதர்ஷினியைக் கேட்டிருக்கிறார். "மீட்டிங்ல மாட்டியிருப்பா" என்று சொல்லிவிட்டு அவள் தன் பிள்ளையோடு கிளம்பிவிட்டாள். அவர் தனசிங்கிடம் போய், மேடம் அனுவை அழைத்து வரச் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். தனசிங் உடனே அனுப்பிவிட்டார். பின்னால் நான் தனசிங்கின் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, "நீங்க தெனமும் அவர்கிட்ட சிரிச்சுப் பேசுவீங்களே மேடம், சொந்தக்காரர்னு நெனச்சேன்" என்று அழுதார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அனுவும் அப்படித்தான் நினைத்தாள்.

நான் தெருவுக்குள் திரும்பியபோது இருபது பேர் கூடியிருந்தார்கள். "புள்ளை புடிக்கிறவடா" என்று ஒரு குரல் கேட்டது. நடுவில் கங்கம்மா தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள். நைட்டி தோளில் கிழிந்திருந்தது. ஒருவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையாலும் என் மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். அனு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவள் பிடியை விடவில்லை. இன்னொன்று அறைந்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நான் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், அவன் போறான். அவன புடிங்க மேடம்" என்றாள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருக்கோடியில் ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ரேஷ்மா புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்று, தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விம்மல் அடங்கியதும் அனு சொன்னாள். "அங்கிள் கார்ல ஏறச் சொன்னார்மா. நான் அம்மா வரட்டும்னு சொன்னேன். கையை முறுக்கினார். ரேஷ்மா அம்மாதான் ஓடிவந்து புடிச்சாங்க." அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாகக் கேட்டார். சட்டை நிறம், ஷூ, நாடாவின் நிறம் எல்லாவற்றையும் அம்மாக்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். "ரொம்ப டீசன்ட்டா இருப்பார் மேடம்" என்றாள் தேவதர்ஷினி. முகம் எப்படி என்று கேட்டார். மீசை உண்டு என்றாள் ஒருத்தி, இல்லை என்றாள் இன்னொருத்தி. ஒரு மாசம் எதிரே நின்று பேசிய எனக்கு அவன் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. உதடு வீங்கிய கங்கம்மாதான் சொன்னாள். இடது காது மடலில் ஒரு வெட்டு, வலது கை நடுவிரலுக்கு நகம் கிடையாது.

"அப்பால அந்த டேக்கு மேடம். இழுத்தப்போ என் கைல பட்டுது. வெறும் வெள்ள அட்ட. படமும் இல்ல, எழுத்தும் இல்ல" என்றாள்.

அவன் இன்னும் சிக்கவில்லை. கேமராவில் குடைதான் பதிவாகியிருக்கிறது. இப்போது எங்கே, எந்தப் பள்ளி வாசலில் நிற்கிறானோ தெரியாது. சுத்தமாக உடுத்தி மரியாதையாகப் பேசுகிற எந்த ஆளைக் கண்டாலும் அனுவை இழுத்து அணைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாவுக் கடைக்குப் போனேன். கிரைண்டர் சத்தத்தில் நான் மன்னிப்புக் கேட்டது அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. இரண்டாவது தடவை சொன்னேன். அவள் மாவை வழித்தபடியே, "கொயந்த கெடச்சுதுல்ல மேடம், வுடுங்க" என்றாள். முடிச்சூர், வெள்ளம், கிரைண்டரில் மாட்டிய சேலை எல்லாம் அன்றைக்குத்தான் சொன்னாள், நான் கேட்டதற்குப் பதிலாக, துண்டு துண்டாக.

சர்க்குலரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இனிமேல் நீ கேட்டுக்கே வரலாம் என்றேன்.

"ரேஷ்மா என்ன வர வாணாங்குது மேடம். நீ வந்தா எல்லாரும் உன்ன அடிப்பாங்க, நீ வராதன்னு அழுவுது. அதான் வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொல்லி வெச்சு, தனியா வுட்டுட்டு, அதுக்குத் தெரியாம பின்னாடியே வூடு வரைக்கும் நடக்கிறேன். திரும்பிப் பாத்தா ஒளிஞ்சுக்கிறேன்."

அவசர அவசரமாகச் சொன்னேன். "நான் கூட்டிட்டு வரேன் கங்கம்மா. தினமும் அனுவோட சேர்த்து ஸ்கூட்டியில கூட்டிட்டு வந்து இங்கேயே விட்டுடறேன்."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"வாணாம் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககூட அனுப்ப எனக்கு பயமா கீது."

அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.