சுவரில் துடைத்த கை

2000களின் தொடக்கத்தில், முத்தியால்பேட்டை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் கதை எழுதுவேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் மீனுக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிக்கொண்டிருக்கும்போது, எழுதியதை வாசித்துக் காட்டுவேன். சில நாள் கையைத் துணியில் துடைப்பாள். சில நாள் அப்படியே சுவரில் துடைத்துவிடுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து விரலும் தெரிய மஞ்சள் கறை ஏறிக்கொண்டே போனது.

“சுவத்துல தொடைக்காதன்னு எத்தினி வாட்டிம்மா சொல்றது?” என்று கத்துவேன்.

“நீ படிக்கிறத கேட்டுக்கினே இருந்தேன்டா. கை எங்க போச்சுன்னே தெரியல.”

அதைச் சாக்கு என்றுதான் நினைத்தேன்.

அம்மா செத்துப்போனாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு உறவுக்காரர்கள் வருவார்களே என்று வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஒரு பூச்சில் கறை மறையவில்லை. இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னவன் நான்தான். சுமாரான கதைக்குத் துணி, மனதுக்குப் பிடித்த கதைக்குச் சுவர் என்பது அதற்குப் பிறகுதான் இந்த மடையனுக்கு உறைத்தது.

இன்றும் அங்கேதான் எழுதுகிறேன். முடித்ததும் அடுப்புப் பக்கம் திரும்பி, உரக்க வாசிக்கிறேன். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது.