பழனிக்குப் போகாத மொட்டை

என் அக்காவின் சின்ன மகள் சேலத்தில் ஒரு திருமண மண்டப வாசலில், ஆளுயர ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. ஆறு வயது. தலையில் ஒரு முடி இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் எல்லாம் கொட்டிப்போயிருந்தது. படத்துக்குக் கீழே, புற்றுநோய்க் குழந்தைகளுக்காக மொட்டை போட வாருங்கள் என்று பெரிய எழுத்தில் அழைப்பு. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஊர் எடப்பாடியில் யாருக்கும் அக்கா குழந்தையின் நோயைச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பக்கம் குழந்தை மொட்டைத் தலையோடு நின்றால் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். "பழனிக்கு முடி எறக்குனோமுங்க" என்று சொல்லிச் சொல்லியே தெருவைச் சமாளித்தாள். இன்னும் வளரவில்லையே என்றவர்களிடம், மூன்று மொட்டை வேண்டுதல் என்றாள். எல்லாம் பெரியவளுக்காக. அவளுக்கு வரன் கூடிவந்து, நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த நோவு இருக்கற ஊட்டுல எவன் சாமி பொண்ணெடுப்பான்?" என்று என்னிடம் கேட்டு அழுவாள்.

மருந்துச் செலவுக்கு உதவுகிறோம், குழந்தையைக் கூட்டி வந்தால் போதும் என்றுதான் அந்த விழாவை நடத்திய சங்கத்தின் தலைவர் ஒரு போட்டோவை வாங்கிப் போயிருந்தார். திரும்பிப் போக எங்களுக்கு வழியில்லை. உள்ளே மேளம் அடிக்க, ஜவுளிக்காரர்களும் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளிகளும் சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தார்கள். தலைவர் வழித்த தலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவள் பெயரையும் ஊரையும் நோயையும் மைக்கில் சொன்னார். அவள் அவர் தலையைத் தடவிப் பார்த்து, "நீங்களும் பழனிக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடவில்லை. பையனுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். சங்கத்துப் பணம் சொன்னபடி வந்தது. மருந்தும் வேலை செய்தது. அதனால் அந்த மனிதரைத் திட்டக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை.

இந்த வருடமும் தலைவர் வீட்டுக்கு வந்தார். தலை நிறைய முடி. "பாப்பா மேடையேறுனா நாலு பேத்துக்கு தைரியம் வருமுங்க" என்றார். அக்கா டீயை அவர் கையில் கொடுத்தாள்.

"கூட்டியாரேனுங்க. பெரியவளுக்குத்தான் வரன் அமைய மாட்டேங்குது. நீங்களும் நம்ம சனந்தான். உங்க பையனுக்குப் பொண்ணு பாக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

அவர் டீயைப் பாதியில் வைத்தார். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். அதற்கப்புறம் போன் வரவில்லை. மேடைக்கு வேறொரு குழந்தையைப் பிடித்துவிட்டார்களாம்.