முட்டைக்காரியும் கூட்டில் ஏறாத கோழிகளும்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு முட்டையைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தப்பு அவளுடையதுதான். அட்டைப் பெட்டியில் குஞ்சுகள் வந்து இறங்கிய மறுநாளே, படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கிற தோழியிடம், "எல்லாருக்கும் வீட்டு முட்டை கொண்டாரேன் பாருங்கடி" என்று சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே.

முட்டை தாமதமானதுகூடப் பெரிதில்லை. இந்தக் கோழிகள் கூட்டில் அடைய மாட்டேன் என்றன. அதுதான் அவள் பிராணனை வாங்கியது.

குஞ்சாக இருந்தவரை அடுப்படி மூலையில் பல்பைத் தொங்கவிட்டு வளர்த்தாள். தண்ணீர்க் கிண்ணத்தில் விழும், துடைப்பாள். தீவனத்தைச் சீய்த்து இறைக்கும், பெருக்குவாள். திட்டிக்கொண்டே செய்தாலும் செய்தாள். இறகு முளைத்து, கழுத்து நீண்டு, விடலைகளாகிக் கொல்லைக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது.

கூடு கட்டியது அவள் புருஷன். தச்சர். கதவும் அலமாரியும் செய்கிறவர். எதைச் செய்தாலும் உள்ளங்கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அவருக்கு. கோழிக்கூடுதானே என்று ஏனோதானோவென்று விடுவாரா? சாய்கூரை, சத்தமே வராத கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். உள்ளே கோழிகள் ஏறி உட்கார இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கட்டை. அதையும் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து வைத்தார். தெருவே வந்து பார்த்தது.

பக்கத்து வீட்டு கண்டக்டர், "தச்சரே, வாடகை சொல்லுங்க, நானே குடி வந்துடறேன்" என்றார்.

கோழிகள் குடி வரவில்லை. பொழுது சாய்ந்தால் குட்டைச் சுவரைத் தாண்டிப் போய் அதே கண்டக்டரின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தன. நாளெல்லாம் விரிப்பு மடித்துத் தோள் இற்றுப் போய் வருவாள் முட்டைக்காரி. பையைக் கீழே வைத்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் ஓட வேண்டும். ஒன்றைப் பிடித்துக் கூட்டில் விட்டு, அடுத்ததைப் பிடிக்கப் போனால் முதல் கோழி வெளியே நிற்கும். கதவைச் சாத்தினாலோ, எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து, தம் எச்சத்திலேயே மிதிபட்டுக் கத்தும். அடியில் கிடப்பது நசுங்கிச் சாகுமே என்று பயந்து மறுபடி திறந்துவிடுவாள்.

"தங்கச்சி, உன் ஆளுங்க டிக்கெட் எடுக்காம ஏறிட்டாங்க" என்று முதலில் சிரித்த கண்டக்டரும், வண்டி சீட்டில் எச்சம் நாறத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அப்புறம், அவள் கண்ணில் படாமல் வெளியே தங்கிய ஒரு கோழியைப் பூனை கொண்டுபோயிற்று. சுவரோரம் இறகு மட்டும் கிடந்தது.

தச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரரை வரச் சொல்றேன். உனக்கு எதுதான் முழுசா வந்திருக்கு? தையல் கத்துக்கறேன்னு ஒத்தைக் கை வெச்ச ஜாக்கெட்டோட விட்ட. சைக்கிளு தெருமுனையைத் தாண்டல. இப்ப கோழி."

அவளுக்குச் சுருக்கென்றது. பொய் என்று சொல்ல முடியாதே. தையலை விட்டவளும் அவள்தான், சைக்கிளை விட்டவளும் அவள்தான். ஆனால் அப்போதெல்லாம் விட்டது இவளாகவே. இப்போது பிடுங்கிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். இதை விடுவதில்லை என்று மனதுக்குள் ஒற்றைக் காலில் நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டுக்குள் தலையை விட்டாள். செம்பட்டைக் கோழி ஒன்றைத் தூக்கிக் கட்டையில் வைத்துவிட்டு, முதன்முறையாகக் கோழியைப் பார்க்காமல் அதன் காலைப் பார்த்தாள். விரல் விரிந்தது, மடங்கியது, பிடி கிடைக்காமல் நகம் கிறீச்சென்று வழுக்கியது. படபடவென்று சிறகடித்துக் கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அப்படியே. கட்டையைத் தடவினாள். பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

"என்னங்க, கட்டை வழுக்குது."

"எந்தக் கட்டை?"

"நீங்க போட்டதுதான். கால் நிக்க மாட்டேங்குது."

தச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இழைச்சதுல குத்தமா?"

"இழைச்சதுதான் குத்தம்."

"இத்தனை வருஷத்துல ஒரு வாடிக்கைக்காரர் இப்படிச் சொன்னதில்ல, தெரியுமா?"

"உங்க வாடிக்கைக்காரர்ல எவரு கதவு மேல ஏறித் தூங்கினாரு?"

"அப்ப உன் கோழிக்குச் செருப்பு தைச்சுப் போடு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு காலை அவர் வெளியே கிளம்பியதும் அவருடைய ரம்பத்தை எடுத்துக் கூட்டிலிருந்த வார்னிஷ் கட்டையில் வைத்தாள். அது ஒரு பக்கம் போனால் இவள் கை ஒரு பக்கம் போனது. நடுவில் சிக்கிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது.

கண்டக்டர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, அறுக்கறியா, வயலின் வாசிக்கறியா?"

"உங்க வண்டிக்காகத்தான் அண்ணே இந்தப் பாடு. வாயை மூடிட்டு வந்து அந்த முனையைப் பிடிங்க."

வந்து பிடித்தார். கட்டை இரண்டாக விழுந்தது. தெருவில் ஒடிந்து கிடந்த மரக்கிளை ஒன்றை, பட்டையும் முண்டும் முடிச்சுமாக அப்படியே கொண்டுவந்து, கட்டை இருந்த இடத்தில் கிழிந்துபோன விரிப்புத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

தச்சர் கறிக்கடைக்காரரோடு திரும்பி வந்தார். தரையில் கிடந்த வார்னிஷ் கட்டையைப் பார்த்ததும் தச்சர் குனிந்து அறுத்த வாயை விரலால் தடவினார்.

"எத்தனை கோழிம்மா?" என்றார் கறிக்கடைக்காரர், கூடையை இறக்கிக்கொண்டே.

"ஒண்ணும் இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

"தச்சர் வரச் சொன்னாரே?"

"கட்டைக்கு அவர் முதலாளி. கோழிக்கு நான்."

தச்சர் இரண்டு துண்டுகளையும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். 

சாயங்காலம் கோழிகள் அவளைக் கும்பிட்டு வரிசையாக உள்ளே போய்விடவில்லை. வழக்கம்போல மோட்டார் சைக்கிளுக்குத்தான் போயின. திட்டித் திட்டிப் பிடித்து வந்து கிளையில் வைத்தாள். செம்பட்டை விரல்களால் பட்டையைப் பற்றிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வைத்தது அதை இடித்தது, இரண்டும் இறங்கின. மறுபடி ஏற்றினாள். ஒவ்வொன்றாக நின்றன. கறுப்பி மட்டும் வைக்க வைக்க இறங்கியது. கடைசியில் கூட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, அதன் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்து நின்றாள்.

"சோறு?" என்று கொல்லைப்படியிலிருந்து குரல் வந்தது.

"பானையில இருக்கு. நீங்களே போட்டுக்குங்க."

தச்சர் போகவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு."

"இருக்கட்டும்."

"அந்த முடிச்சையாவது லேசா சீவி விட்டா..."

"கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி!"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். போகவும் இல்லை.

கறுப்பி உடம்பைத் தாழ்த்தி, விரல்களை வயிற்றால் மூடிக்கொண்டது. முட்டைக்காரிக்கு இடுப்பு விட்டுப் போனது. நாளைக்கும் இதேதான், நாளை மறுநாளும் இதேதான் என்று அவளுக்குத் தெரியும். தாங்கிய கையிலிருந்து ஒரு விரலை எடுத்தாள். அசையவில்லை. இன்னொன்றை எடுத்தாள். கறுப்பி லேசாக ஆடியது.

"சனியனே, உட்காரு" என்று அந்த விரலைத் திரும்ப வைத்தாள்.