மஜீத் நானா வாசிக்காத தாள்

சென்ற வாரம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஒரு லொறிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். லொறி குடைசாய்ந்து ஒரு மாதமாம். இன்ஷூரன்ஸ் ஆட்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார்களாம். அதோடு பேச்சே இல்லை.

“தாள்ல என்ன இருந்திச்சு?”

“இங்கிலீசுங்க. நான் எங்க வாசிக்கிறது? ஏஜன்ட் போடச் சொன்னாரு. நல்ல மனுசன்.”

எனக்குச் சுருக்கென்றது. தாளின் பிரதி கேட்டு அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அவரை அனுப்பினேன்.

நல்ல மனுசன்... நானும் அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தேன். மாத்தளையில் பல வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜன்டாக இருந்தவன் நான். வாராவாரம் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை அதைச் சொன்னதில்லை. ஏன்?

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள். பலாபத்வலயில் மஜீத் நானாவின் புடவைக் கடை. முன்பக்கம் புடவை, பின்பக்கம் மண்ணெண்ணெய்ப் பீப்பாய். அந்த வீதியில் எண்ணெய் விற்காத கடை எது? தீ இன்ஷூரன்ஸ் எடுக்கும்படி அவரைக் கரைத்தவன் நான். விண்ணப்பத்தை நிரப்பியவனும் நானே. ‘எளிதில் தீப்பற்றும் பொருள் உண்டா?’ என்ற கேள்விக்கு, பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ‘இல்லை’ என்று எழுதினேன். ‘உண்டு’ என்றால் விண்ணப்பம் கொழும்பில் மாதக்கணக்காகக் கிடக்கும். என் கமிஷனும் கிடக்கும்.

“எண்ணெயப் பத்தி எழுதினீங்களா தம்பி?” என்று அவரே கேட்டார்.

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் நானா.”

பார்த்துக்கொண்டேன்!

அடுத்த வருஷம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, நானாவின் கடையைக் கூரையோடு கொண்டுபோனது. கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். கருகிய பீப்பாயைக் காட்டி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார் — விண்ணப்பம் எழுதிய நாளில் இது இருந்ததா?

இருந்தது என்றால் என் ஏஜன்ஸி போய்விடும். ‘இல்லை’ என்றேன்.

“என்னவாம் தம்பி?” நானா என் முகத்தையே பார்த்தார்.

“பீப்பா எவ்வளவு கொள்ளும்னு கேக்கிறாரு.”

இன்ஸ்பெக்டர் ஒரு தாள் எழுதினார். பீப்பாயைப் பிறகுதான் வைத்தேன், கம்பெனிக்கு அறிவிக்கவில்லை — நானா சொல்வதாக இதுதான் வாசகம். “அவரு வந்து பார்த்ததுக்கு அத்தாட்சி நானா. ஒரு கையெழுத்து,” என்றேன் நான்.

நானா பிஸ்மி சொல்லிக் கையெழுத்திட்டார்.

இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“பீப்பாவ நீங்க அண்டைக்கே கண்டதுதானே தம்பி? அவங்களுக்கு ஒரு வார்த்தை செல்லுங்களே. ஊட்டுல கலியாணத்துக்கு மூணு குமருங்க ஈக்குது.”

“கம்பெனி முடிவெடுத்தா அவ்வளவுதான் நானா.”

அதுவும் பொய். எழுத்தில் ஆட்சேபிக்கலாம், பிரக்கிராசியைப் பிடித்து வழக்குப் போடலாம் — எனக்குத் தெரியும். வழக்கில் என் பெயர் வரும் என்பதும் தெரியும்.

நானா காணியை விற்றார். பிறகு சந்தையில் சாக்கு விரித்து, உடுக்கும் சாரம் விற்றார். என்னைக் கண்டால், “சொகமா தம்பி?” என்பார். அவர் மௌத்தாகும்வரை நான் வாய் திறக்கவில்லை.

நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். விளங்காத தாளைக் கம்பெனி ஆளிடமே கொடுத்து அர்த்தம் கேட்காதீர்கள். பள்ளிக்கூட மாஸ்டரிடமோ தபால் கந்தோரிலோ காட்டுங்கள். ‘முடியாது’ என்று வாயால் சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏஜன்டின் முகம் சுருங்கும். “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்பான்.

இல்லை என்று சொல்லிவிடுங்கள்.