கிணற்றடியில் ஒரு கோட்டைக் கல்

வொஷிங் மெஷினில் ஒரு பக்கம் பாரம் கூடினால் அது தொம் தொம் என்று இடிக்கும். கனடாவில், எங்கள் ஸ்காபரோ பேஸ்மென்டே அதிரும். இன்றைக்கும் அதை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சோபாவில் இருந்த அப்பா, போனில் யாழ்ப்பாணக் கோட்டை வீடியோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு மதிலை ஒழுங்கா விட்டு வைச்சிருக்கிறாங்களோ! கல்லெல்லாத்தையும் களவெடுத்திட்டாங்கள். கள்ளர்!"

எனக்குக் கோபத்தில் விசர்தான் வந்தது. இந்தத் தொம் தொம், எங்கள் ஊர்க் கிணற்றடியில் உடுப்பைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை சண்டையில் உடைந்து கிடந்த காலம். அப்பா தூர்ந்துபோன அகழிக்குள் இறங்கி ஏறி, கடல் பவளப்பாறையில் வெட்டிய ஒரு முருகைக்கல்லைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். உடுப்புத் தோய்க்கத் தோதாம். நனைந்தால் கடல் மணக்கும். அதன் ஓட்டைகள் என் பள்ளிக்கூடச் சட்டைத் தெறிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றன. நான் தெறி போன இடத்தில் ஊசி குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அம்மா ஏசினால் அப்பாவுக்குப் பெருமை பொங்கும்.

"ஒல்லாந்தன் வைச்ச கல். உலகம் அழிஞ்சாலும் தேயாது."

மெஷினை நிற்பாட்டினேன். "அப்பா, எங்கட உடுப்புத் தோய்க்கிற கல் எங்கயிருந்து வந்தது?"

அவர் போனை விட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை.

"அது ஒண்டுதானே, பிள்ளை."

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கிணற்றடியிலும் கோட்டைக் கல் ஒண்டுதான் கிடந்தது.