கேக்குக்கு எடுத்த அளவு

வெயிலுகந்தம்மாளோடு கேக் பார்க்கப் போனவர்களுக்கு அப்புறம் கேக்கைக் கண்டாலே கால் வலிக்கும். நானே சாட்சி. எப்போதும்வென்றான் ஊரில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு, புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் அடுத்தடுத்த தையல் மிஷின். அதனால் அவள் எங்கே கிளம்பினாலும் எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுப்பாள்.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத பிறவி. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மிஷினில் உட்கார்ந்தால் மட்டும்தான் அடங்குவாள். அப்போதும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வைகாசியில் அவளுடைய இளைய மகள் உமாராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோவில்பட்டி. காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். "எல்லாரும் கேக் வெட்டுதாங்கம்மா, நாங்களும் வெட்டணும்" என்று உமா ஒரு வார்த்தை சொன்னாள். அன்றைக்கு எனக்குப் பிடித்தது சனி.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வெயிலுவுக்குப் புருஷன் இல்லை. உமா மூணாங்கிளாஸ் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். மூத்தவள் கல்யாணத்தில் கொழுந்தன் பாண்டியராஜனும் அவர் பெண்டாட்டியும்தான் மேடையில் நின்று தாரை வார்த்தார்கள். பெற்றவள் ஸ்டோர் ரூமில் தேங்காய் மூட்டைக்குக் காவல் இருந்தாள். கெட்டிமேளம் கேட்டபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். இந்தக் கல்யாணத்துக்கும் பாண்டியராஜன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"மதினி, காலையிலயும் சரி, சாயங்காலமும் சரி, மேடையில மட்டும் ஏறிராதீங்க. சம்பந்தகாரவிய ஒரு மாதிரி நினைப்பாவ. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"சரி தம்பி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போனவளை இழுத்து நிறுத்தினாள். அவரைப் பகைத்துக்கொண்டால் முன்னால் நின்று கல்யாணத்தை நடத்த வேறு ஆளில்லையாம்.

"எம்பிள்ளை பக்கத்துல ஒரே ஒரு தடவை நிக்கணும்ட்டி. அம்புட்டுதான்" என்றாள். சொல்லிவிட்டு உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

பிறகு கடை கடையாக அலைச்சல். கோவில்பட்டியில் முதலில் போன கடையில் மூன்றடுக்குக் கேக்கின் போட்டோவைக் காட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே இரண்டு அடுக்கும் தெர்மாகோல், அடியில் இருப்பது மட்டும்தான் கேக் என்றார் கடைக்காரர்.

"எங்க ஊர்ல இருந்து வேன்ல வாரதுக எல்லாம் தெர்மாகோலைப் பாத்துட்டுத் திரும்பணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

அடுத்த லீவுக்குக் கயத்தாறு. அந்தக் கடையில் ஃப்ரெஷ் கிரீம் போட்ட ஒரு துண்டு வாங்கி, பஸ் ஸ்டாப் திண்டில் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். காக்காய் விரட்டும் வேலை எனக்கு. பஸ் வருவதற்குள் கிரீம் கஞ்சியாக ஓடிவிட்டது. "மண்டபத்துல ஏசி கிடையாது, இது ஆகாது" என்றாள். இன்னொரு கடையில் முட்டை சேர்க்காமல் செய்ய மாட்டோம் என்றார்கள். கல்யாணம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எங்கள் ஊர்க்காரர்கள் முட்டையைத் தொட மாட்டார்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் கிளம்பும்போது ஒரே கேள்வியைக் கேட்டாள். "அண்ணாச்சி, இதை வெட்டுததுக்கு முறைன்னு ஏதும் இருக்கா? யாரு பக்கத்துல நிக்கலாம், யாரு நிக்கக்கூடாதுன்னு?"

கேட்டவர்கள் எல்லாரும் அப்படி ஒன்றும் இல்லை என்று சிரித்தார்கள். கடைசியாகப் போன கோவில்பட்டிக் கடைக்காரர் காளீஸ்வரன், "கேக்குக்கு என்னக்கா முறை? கத்தி பிடிக்கத் தெரிஞ்சா போதும்" என்றார். அப்போதுதான் இவள் எதற்காக என்னை இத்தனை கடைக்கு இழுத்தடித்தாள் என்று எனக்கு உறைத்தது. எல்லார் வாயிலிருந்தும் அந்தப் பதிலைக் கேட்டும் அவளுக்கு ஆறவில்லை.

காளீஸ்வரன்தான் எங்களுக்குத் தோதாக ஒரு வழி சொன்னார். "கோபுரம் மாதிரி அடுக்கினா காசும் கூட, ஆளுக்கு நகக்கண் அளவுதான் வரும். ஒரே அடுக்கா, தட்டையா போடுவோம். தட்டு தட்டா சுட்டு ஒட்டுப்போட்டுருவேன். முட்டை இல்லாம, பட்டர் கிரீம். வெயில் தாங்கும், ஊருக்கே காணும்."

"ஒட்டுப்போடுதது எனக்குப் புதுசா" என்று வெயிலு அன்றைக்குத்தான் சிரித்தாள். "அளவை அப்புறம் சொல்லுதேன் அண்ணாச்சி."

அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போனோம். ஆளில்லாத மண்டபம். நான் ஃபேனைப் போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. சோபாவிலிருந்து மேடை விளிம்பு வரை அளந்தாள், குறுக்கே அளந்தாள், சந்தேகம் வந்து மறுபடி அளந்தாள். வெளியே வந்ததும் காளீஸ்வரனுக்குப் போன் போட்டு அளவைச் சொன்னாள். "இம்புட்டுப் பெருசாவா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "ஊரே வருதுல்லா அண்ணாச்சி" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டும்போது பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றாள். நானும் கூட நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளோ, "கேக் எந்நேரத்துக்குக் கிளம்புதுன்னு கேட்டியாட்டி?" என்று என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

சாயங்காலம் நாலு பேர் பலகையோடு தூக்கிக்கொண்டு கேக்கைக் கொண்டுவந்தார்கள். மேடையில் ஏற்றி வைக்கப் பார்த்தால் இடம் கொள்ளவில்லை. சோபாவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினாலும் முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பாண்டியராஜன் கத்த ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மதினி, அளவு பாத்து வாங்கத் தெரியாதா? தையக்காரிதான நீங்க? இதை எங்கன வைக்க?"

வெயிலு தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பாப் போச்சு தம்பி. கீழ வச்சிருவமே."

எனக்குப் பொறி தட்டியது. மறுபடி மறுபடி அவள் அந்த மேடையை அளந்ததைப் பார்த்தவள் நான்தானே. கூட்டத்தில் வாயைத் திறந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முன்வரிசைக்கு எதிரே இரண்டு பந்தி மேஜைகளைச் சேர்த்துப்போட்டு, பேப்பர் விரித்து, கேக்கை இறக்கினார்கள். மாப்பிள்ளையும் உமாவும் மேடையை விட்டு இறங்கி வந்தார்கள். வெயிலு மேஜையோரம் நின்று, சரியாக இருந்த பேப்பரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். பாண்டியராஜன் பெண்டாட்டி புருஷனைப் பார்த்தாள். அவர் மேடையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். மேடையில் ஏறக்கூடாது என்றுதான் அவர் சொல்லியிருந்தார். கேக்குக்கு என்ன முறை என்று அவருக்கும் தெரியவில்லை.

உமா கத்தியை எடுத்தாள். "நீயும் புடிம்மா" என்று அம்மாவின் கையை இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். போட்டோக்காரர் கொஞ்சம் தயங்கினார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா, "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்க? அவியளையும் சேத்து எடு" என்று ஒரு அதட்டல் போட்டார். சம்பந்தகாரவிய என்ன நினைப்பார்களோ என்று இத்தனை நாள் நடுங்கியதற்கு இவ்வளவுதான். உமா முதல் துண்டை அம்மா வாயில் ஊட்டினாள்.

அதற்கப்புறம் துண்டு போட்டுப் பந்தி பந்தியாகக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர் விடாமல் தின்றார்கள், பிள்ளைகள் இரண்டாந்தரமும் வாங்கின. நான் என் தட்டோடு வெயிலுவைத் தேடினேன். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பேப்பர் தட்டை வைத்துக்கொண்டு, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, அளவு தப்பிட்டாக்கும்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் எடுத்தேன்" என்றாள். "மேடையை விட ஒரு சாண் கூட." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேக்கைப் பிட்டாள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். ஊர்க்காரர்கள் அவசர அவசரமாகப் பையைத் தூக்கினார்கள். நானும் பதறி எழுந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.