முதல் முறுக்கு

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பலகாரம் என்றால் அகிலாவைத்தான் கூப்பிடுவார்கள். சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது அவள் அடுப்படியின் சட்டம். வாயில் வைக்காமலே உப்பு கச்சிதமாக இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே!

நாற்பத்தொன்பது வயதானதும் உடம்பு வம்பு பண்ண ஆரம்பித்தது. காற்றாட நிற்கும்போதே முகம் கொதிக்கும். தூக்கம் வராது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கரண்டியைத் தேடுவாள். மாதவிடாய் நிற்கப்போகிற நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். அகிலா யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். அதிலும் உடன் வேலை பார்க்கும் காளியம்மாள், அவளைவிட மூத்தவள், எதையும் குத்திக்காட்டாமல் விடமாட்டாள்.

பொன்னழகு வீட்டுக் கல்யாணத்துக்கு முறுக்கு மாவு அண்டா நிறையப் பிசைந்தாயிற்று. எண்ணெயும் காய்ந்துவிட்டது. அப்போதுதான் அகிலாவுக்குச் சந்தேகம் வந்தது. உப்புப் போட்டோமா? மறுபடி போட்டுக் கரித்துப்போனால் அத்தனை மாவும் வீண். போடாமலே விட்டால் பேர் கெட்டுவிடும், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

முப்பது வயதில் என்றால் குருட்டாம்போக்கில் ஒரு பிடி அள்ளிப் போட்டிருப்பாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உப்புப் போட்டேனான்னு ஞாபகமே இல்ல. கொஞ்ச நாளா எனக்கு இப்பிடித்தான் மறக்குது. யாராச்சும் பாத்தீகளா?"

அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

எல்லாருக்கும் இளையவளான ரோகிணி பதறிப்போனாள். "இல்லையேக்கா! ருசியும் பாக்கக் கூடாது, இப்ப என்ன செய்வீக?"

"பிள்ளையாரை மொதல்ல சாப்பிடச் சொல்லுவோம்."

ஒரே ஒரு முறுக்கைச் சுட்டு எடுத்து, பிள்ளையார் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். சப்பென்று இருந்தது.

"மன்னிச்சிருப்பா, அடுத்தது நல்லதாத் தாரேன்" என்று படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உப்பைக் கரைத்துத் தெளித்து மாவை மறுபடி பிசைந்தாள்.

காளியம்மாள் எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு விழப்போகிறது என்று அகிலா காத்திருந்தாள்.

"எனக்கும் ரொம்ப நாளா இப்பிடித்தான்டி. எனக்கு மட்டும்தான்னு நெனச்சு வாயத் தொறக்கல."

அகிலா மாவுக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அந்த அடுப்படியில் முதல் முறுக்கு ஒன்று தனியாகப் பிள்ளையாருக்குப் போகிறது. மாவில் உப்பு விழுந்ததும் எல்லாரும் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். காளியம்மாள் குரல்தான் தெருமுனை வரை கேட்கும்.